பயனிலையும் பிரெடிகேட்டும்: திருச்சிராப்பள்ளியில் ஆங்கில வாக்கியப் பகுப்பு கற்பிக்கப்பட்ட வரலாறு

ஆங்கில இலக்கணம் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டதும் அதை முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. எதைப் பற்றிப் பேச்சு நிகழ்கிறதோ அந்தப் பகுதி சப்ஜெக்ட் எனவும், அதைப் பற்றிச் சொல்லப்படுவது முழுவதும் பிரெடிகேட் எனவும் பெயர் பெறும். தமிழில் முன்னதை எழுவாய் என்றும் பின்னதைப் பயனிலை என்றும் வழங்குவர். பிரெடிகேட் என்பதற்குள்ளும் இரண்டு அளவுகள் உண்டு. துணைவினைகளோடு கூடிய முற்றுவினையை மட்டும் தனியே எடுத்தால் அது சிம்பிள் பிரெடிகேட், அதாவது தனிப் பயனிலை. அந்த வினை தழுவி நிற்கும் செயப்படுபொருள், நிரப்புச்சொல், காலம் இடம் முதலியவற்றைக் குறிக்கும் அடைகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து எடுத்தால் அது கம்ப்ளீட் பிரெடிகேட், அதாவது முழுப் பயனிலை. ‘தி பாய்ஸ் ஆஃப் ஸ்ரீரங்கம் கிராஸ்டு தி காவேரி எவ்ரி மார்னிங்’ என்ற வாக்கியத்தில் ‘கிராஸ்டு’ என்பது தனிப் பயனிலை; அச்சொல் தொடங்கி வாக்கியத்தின் இறுதி வரை உள்ளது முழுப் பயனிலை. இவ்வளவு சிறிய பாகுபாட்டுக்குத் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் நூற்றாண்டைக் கடந்த ஒரு வரலாறு இருக்கிறது. அது ஆங்கிலம் பரவிய வரலாற்றின் ஒரு பகுதி மட்டுமன்று. ஏற்கெனவே பயனிலையைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்திருந்த ஓர் ஊர், அதே பொருளை வேறொரு மொழியின் வழியே புதிதாகக் கற்க நேர்ந்ததன் வரலாறும் ஆகும்.

அந்தப் பழைய சிந்தனையிலிருந்து தொடங்குவதே முறை. தொல்காப்பியத்தின் வேற்றுமையியல், பெயர் முதல் வேற்றுமையாகிய எழுவாயில் நின்று ஏற்கும் பயனிலைகளை ஆறாக வகுத்துக் கூறுகிறது. ஒரு பொருள் இருக்கிறது என்று சுட்டுவது, அதனை ஏவியோ வாழ்த்தியோ கூறுவது, அதன் செயலை உரைப்பது, அதனைப் பற்றி வினவுவது, அதன் பண்பைச் சொல்வது, அதற்கு வேறொரு பெயரைப் பயனிலையாக்குவது என்பன அவை. காவிரியையே எழுவாயாக வைத்துக் கூறினால் காவிரி உண்டு, காவிரி வாழ்க, காவிரி பெருகியது, காவிரி எது, காவிரி பெரிது, காவிரி ஓர் ஆறு என்று ஆறு வகையும் அமையும். இவற்றுள் செயலை உரைக்கும் வினை ஒரு வகை மட்டுமே என்பதும், பண்பும் பெயரும் வினாவும் தாமே நின்று வாக்கியத்தை முடிக்க வல்லவை என்பதும் ஊன்றி நோக்கத்தக்கவை. இதனோடு, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் வழியாகப் பள்ளிதோறும் பரவிய முற்று, எச்சம் என்னும் பாகுபாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திணை, பால், எண், இடம் காட்டி வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை முற்று. முடியாமல் இன்னொரு வினையையோ பெயரையோ அவாவி நிற்பது எச்சம். ஆங்கில இலக்கணம் ‘ஃபைனைட் வெர்ப்’ என்று பெயரிட்டு, தனிப் பயனிலையின் உயிராக வைத்துப் போற்றும் ஒன்றைத் தமிழ் மாணவர் இந்த முற்று என்னும் சொல்லால் முன்பே அறிந்திருந்தார்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தில் இன்னொரு பயிற்சியும் வழங்கியது. பெரியவாச்சான் பிள்ளை முதலான உரையாசிரியர்களின் மரபு வேரூன்றிய அவ்வூரில், வடமொழிச் சுலோகமாயினும் பாசுரமாயினும் அதனைப் பதம் பதமாகப் பிரித்து, பொருள் தொடர்ச்சிக்கு ஏற்ப மீண்டும் கோத்து உணர்வதே கல்வியின் முதற்படியாக இருந்தது. வடமொழிப் பாடசாலைகளில் இக்கோவையை அந்வயம் என்பர். அதில் இரண்டு முறைகள் உண்டு. உரைநடை ஒழுங்கில் எழுவாய் முதல் வினை வரை வரிசைப்படுத்திச் சொல்வது தண்டாந்வயம். முதலில் வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, யார், எதை, எதனால், எங்கே, எப்போது என்று ஒவ்வொரு கேள்வியாக எழுப்பி, விடையாக வரும் சொற்களை அவ்வினையோடு பொருத்திக்கொண்டே போவது கண்டாந்வயம். ஒரு சொல் தன் பொருள் நிறைவுக்காக மற்றொரு சொல்லை எதிர்பார்க்கும் அந்த வேட்கையை ஆகாங்க்ஷை என்று மீமாம்சகரும் இலக்கண நூலாரும் பெயரிட்டனர். இரண்டாவது முறையைச் சற்று நின்று கவனித்தால் அது தனிப் பயனிலையில் தொடங்கி முழுப் பயனிலைக்கு விரியும் வழியே என்பது புலப்படும். பிற்காலத்து ஆங்கில வாத்தியார் கரும்பலகையில் கோடிட்டுக் காட்ட முயன்றதை, பாடசாலைப் பிள்ளைகள் கேள்வியும் விடையுமாக வாய்மொழியிலேயே நாள்தோறும் செய்துவந்தனர்.

ஐரோப்பியர் இலக்கணம் இவ்வட்டாரத்துக்கு முதலில் வந்தது ஆங்கிலத்தின் வழியாக அன்று. கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியைப் பணியிடமாகக் கொண்ட வீரமாமுனிவர், லத்தீன் இலக்கணத்தில் ஊறிய இத்தாலியத் துறவி. அவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது, செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கத்தையும் அவர் இயற்றினார். ஆங்கிலக் கல்வி என்று சொல்லத்தக்கது திருச்சிராப்பள்ளியில் தொடங்கியது 1762க்குப் பிறகு. ஜெர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் அவ்வாண்டில் இந்நகருக்கு வந்து, வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததால் பெற்றோரை இழந்த படைவீரர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். 1766இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயத்தையும் எழுப்பினார். பின்னர் தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் என்பாரோடு சேர்ந்து, இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளைத் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் அவர் அமைத்ததும், 1787இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் அவற்றுக்கு ஆண்டு மானியம் வழங்க இசைந்ததும் தென்னாட்டு ஆங்கிலக் கல்வியின் தொடக்க அத்தியாயங்கள். கல்கத்தாவின் பேராயர் ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் நாள் இந்நகரில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளியும் கல்லூரியும் பின்னர் எழுந்தன.

இந்தத் தொடக்கக் காலத்தில் பயனிலை என்பது ஆங்கில வகுப்பின் முக்கியப் பொருளாக இல்லை. 1795இல் வெளிவந்து ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளிலெல்லாம் பதிப்பு மேல் பதிப்பாகப் பரவிய லிண்ட்லி மர்ரேயின் இலக்கணமும் அதன் வழிநூல்களும் சொல்லுக்குச் சொல் இலக்கணம் கூறும் ‘பார்ஸிங்’ என்ற பயிற்சியையே பெரிதும் வற்புறுத்தின. இது பெயர்ச்சொல், படர்க்கை, ஒருமை, முதல் வேற்றுமை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் குறிப்புச் சொல்லிக்கொண்டே போவது அப்பயிற்சி. வாக்கியம் என்னும் முழு உரு அதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826இல் பிறந்து, இந்நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்ற வேதநாயகம் பிள்ளையின் தலைமுறை இக்காலத்தது. பின்னாளில் மாயூரம் முன்சீபாகவும் தமிழின் முதல் நாவலாசிரியராகவும் அறியப்பட்ட அவர், ஆங்கிலத்தைக் கற்றது வகுப்பறையின் பகுப்பு அட்டவணையால் அன்று. இரு மொழியும் அறிந்த ஒருவரிடம் இரண்டையும் அருகருகே வைத்துக் கற்ற கல்வி அது. இந்த வேறுபாடு பின்னால் வரும் செய்திகளுக்கு முக்கியமானது.

1854இன் உட்ஸ் அறிக்கையும் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமும் நிலைமையை மாற்றின. மெட்ரிகுலேஷன் தேர்வு என்ற ஒற்றை வாயில் வழியாகவே அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் போக வேண்டியதாயிற்று. அத்தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இந்நகர் வரை 1862இல் நிறைவுற்ற ரயில் பாதையும், பின்னர் இங்கே தலைமையகம் கொண்ட தென்னிந்திய ரயில்வேயும், 1928இல் எழுந்த பொன்மலைப் பணிமனையும் பிழையின்றி ஆங்கிலக் கடிதம் எழுதக்கூடிய குமாஸ்தாக்களை ஆண்டுதோறும் வேண்டி நின்றன. 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் தெப்பக்குளத்தை ஒட்டிய இடத்துக்குப் பெயர்ந்தது. 1886இல் நேஷனல் உயர்நிலைப்பள்ளி தோன்றி, 1919இல் அதிலிருந்து நேஷனல் கல்லூரி விளைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஸ்ரீரங்கத்திலும் ஆண்களுக்கான உயர்நிலைப்பள்ளி ஏற்பட்டுவிட்டது. பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1923இல் வந்தது. இவ்வளவு பள்ளிகளும் ஒரே தேர்வை நோக்கி மாணவரை ஆயத்தம் செய்தபோது, திருத்துவதற்கு எளிதாகவும் மதிப்பெண் போடுவதற்கு வாய்ப்பாகவும் உள்ள ஒரு பயிற்சி தேவைப்பட்டது. அந்த இடத்தை ‘அனாலிசிஸ்’ என்னும் வாக்கியப் பகுப்பு பிடித்துக்கொண்டது.

வாக்கியப் பகுப்பின் பிறப்பிடம் ஜெர்மனி. மருத்துவராக இருந்து மொழி ஆராய்ச்சிக்கு வந்த கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர் என்பார் 1827இல் வெளியிட்ட நூலில், வாக்கியத்தை உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் ஓர் உயிர்ப்பொருளாகக் கொண்டு விளக்கினார். அக்கருத்தைப் பள்ளிப் பாடமாக்கி 1852இல் ஆங்கிலத்தில் தந்தவர் இங்கிலாந்தின் பள்ளி ஆய்வாளர் ஜே. டி. மோரெல். எழுவாயின் விரிவு, பயனிலையின் நிறைவு, பயனிலையின் நீட்சி என்னும் மூன்று கருத்துகளும் அவர் வழியாகவே வகுப்பறைக்குள் நுழைந்தன. இந்திய மாணவரிடம் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஜே. சி. நெஸ்ஃபீல்டு; வடமேற்கு மாகாணங்களின் கல்வித்துறையில் பணியாற்றிய இவர் இந்தியப் பள்ளிகளுக்கென ஒரு வரிசை நூல்களை எழுதினார், 1898இல் அவரது பெரிய கையேடும் வெளிவந்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை இலக்கணம் என்று சொல்லாமல் ‘நெஸ்ஃபீல்டு’ என்றே சொல்லிவந்தது.

நெஸ்ஃபீல்டின் அட்டவணையைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. தாளின் குறுக்கே இரண்டு பெரிய கட்டங்கள்: இடப்புறம் எழுவாய், வலப்புறம் பயனிலை. எழுவாய்க் கட்டத்துக்குள் தலைமைப் பெயருக்கு ஒரு பத்தி, அதன் அடைகளுக்கு ஒரு பத்தி. பயனிலைக் கட்டத்துக்குள் முற்றுவினைக்கு ஒரு பத்தி. நிறைவு என்ற தலைப்பின் கீழ் செயப்படுபொருளுக்கு ஒன்று, நிரப்புச்சொல்லுக்கு ஒன்று. கடைசியாக நீட்சிக்கு ஒன்று. ‘தி ஓல்டு கோல்ட்ஸ்மித் ஆஃப் உறையூர் ஹாட் சோல்டு ஹிஸ் ஷாப் பிஃபோர் தீபாவளி’, அதாவது உறையூரின் முதிய பொற்கொல்லர் தீபாவளிக்கு முன்பே தம் கடையை விற்றிருந்தார் என்பதைப் பகுக்க வேண்டுமானால், ‘கோல்ட்ஸ்மித்’ தலைமைப் பெயர். ‘தி’, ‘ஓல்டு’, ‘ஆஃப் உறையூர்’ ஆகிய மூன்றும் அதன் அடைகள். ‘ஹாட் சோல்டு’ முற்றுவினை, இது இரண்டு சொல்லாயினும் ஒரே பத்தியில் அடங்க வேண்டும், ஏனெனில் துணைவினையைப் பிரித்தால் காலம் சிதைந்துவிடும். ‘ஹிஸ் ஷாப்’ செயப்படுபொருள். நிரப்புச்சொல் பத்தி வெறுமையாக நிற்கும். ‘பிஃபோர் தீபாவளி’ நீட்சி. முற்றுவினைப் பத்தியில் உள்ளது தனிப் பயனிலை, வலப்புறக் கட்டம் முழுவதும் முழுப் பயனிலை. சிம்பிள், கம்ப்ளீட் என்ற பெயர்கள் அமெரிக்கப் பள்ளிநூல்களில்தான் மிகுதியாக வழங்கின என்றாலும், அவை குறிக்கும் பொருளைத் திருச்சிராப்பள்ளி மாணவர் இந்தக் கட்டங்களின் வழியே தெளிவாகவே அறிந்திருந்தார். 1877இல் அமெரிக்காவில் ரீடும் கெல்லாக்கும் கோட்டுப் படமாக வரைந்து காட்டியதை இங்கே அட்டவணையாக எழுதினார்கள், வேறுபாடு அவ்வளவே.

அட்டவணை ஒழுங்கானது, ஆனால் அது தமிழ் மாணவரின் இடர்ப்பாடுகளை முன்வைத்து ஆக்கப்பட்டதன்று. முதல் இடர்ப்பாடு வினையில்லாப் பயனிலை. கோபுரம் உயரமானது, அவர் வக்கீல் என்று சொல்லும்போது தமிழில் தனிவினை ஏதும் தேவைப்படுவதில்லை. தொல்காப்பியர் வகுத்த ஆறனுள் பண்பும் பெயரும் அப்படியே நின்று முடிப்பவை. ஆங்கிலத்திலோ முற்றுவினை இன்றிப் பயனிலை இல்லை. ஆகவே ‘இஸ்’ என்ற சொல் வந்தே ஆக வேண்டும். வந்த பிறகும் அது தனியே நின்று பொருள் நிரம்பாது என்பதால், அதனை நிறைவற்ற பயனிலை வினை என்று நெஸ்ஃபீல்டு வகைப்படுத்தி, ‘வக்கீல்’ என்பதை நிரப்புச்சொல் பத்தியில் எழுதச் சொன்னார். தமிழில் பயனிலையாகவே நின்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் பயனிலையின் துணையுறுப்பாக இறங்கிவிடுகிறது. பொருள் ஏதும் தராததாகத் தோன்றும் ‘இஸ்’ தனிப் பயனிலை என்னும் இடத்தைப் பெறுகிறது. இதை ஒரு மாணவர் ஏற்றுக்கொள்ளத் தயங்கினால் அது அறிவுக் குறைவாகாது. தன் மொழியின் இலக்கணத்தை உள்ளூர உணர்ந்திருந்ததன் அடையாளம் அது. ‘ஹீ வக்கீல்’ என்பது போன்ற பிழைகளும், அதற்கு நேர்மாறாக எல்லா வினைக்கும் முன் ‘இஸ்’ சேர்க்கும் பிழைகளும் இந்த ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை.

இரண்டாவது இடர்ப்பாடு எச்சங்களால் வந்தது. மலைக்கோட்டை ஏறி, தாயுமானவரைத் தரிசித்து, இறங்கி, சின்னக்கடைத் தெருவில் துணி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினான் என்ற தமிழ் வாக்கியத்தில் வினைகள் எத்தனை வந்தாலும் முற்று ஒன்றே. ‘திரும்பினான்’ என்பது தனிப் பயனிலை, முன் வந்த எச்சங்கள் யாவும் அதைச் சார்ந்து முழுப் பயனிலைக்குள் அடங்குவன. இதையே ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்லும்போது ‘கிளைம்டு’, ‘வர்ஷிப்ட்’, ‘கேம் டவுன்’, ‘பாட்’, ‘ரிடர்ன்டு’ என்று முற்றுகள் பெருகி, ஓர் எழுவாய்க்குப் பல பயனிலைகள் அமைந்த கூட்டுப் பயனிலையாகின்றன. மூன்றாவது, எனக்குப் பசிக்கிறது, அவளுக்குத் தெரியும் போன்ற வாக்கியங்கள். உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்க, முதல் வேற்றுமையில் எழுவாய் வெளிப்படாமலே பயனிலை முடிந்துவிடும் இவ்வமைப்பை இடப்புறக் கட்டம் நிரம்பியே தீர வேண்டும் என்று கருதும் அட்டவணையில் எழுத இயலாது. நான்காவது, சொல்வரிசை. தமிழில் முழுப் பயனிலை வினைக்கு முன்னே சேர்ந்துகொண்டே வந்து வினையில் முடிகிறது. ஆங்கிலத்தில் வினையில் தொடங்கிப் பின்னால் விரிகிறது. ஆதலால் வினையைக் கண்டதும் வாக்கியம் முடிந்தது என்று தமிழ்ச் செவி உணரும் இடத்தில்தான் ஆங்கிலப் பயனிலை தொடங்குகிறது.

இந்த இடர்ப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய விளக்கம் அதே ஊரிலேயே, பல நேரங்களில் அதே கட்டடத்திலேயே இருந்தது என்பதுதான் இவ்வரலாற்றில் மனத்தை வருத்தும் செய்தி. பிஷப் ஹீபர் கல்லூரியில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியராகப் பணியாற்றியவர் நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார், இலக்கணத்திலும் உரைநெறியிலும் அவருக்கிருந்த புலமை தமிழுலகம் அறிந்தது. ஒரு மாணவர் ஒரு மணியில் அத்தகைய ஆசிரியரிடம் எழுவாய்த் தொடரையும் வினைமுற்றையும் கற்று, அடுத்த மணியில் ஆங்கில வகுப்புக்குச் சென்று அதே பொருளை அட்டவணையாக மனப்பாடம் செய்ய நேர்ந்தது. இரண்டையும் இணைத்துக் காட்டும் பொறுப்பு பாடத்திட்டத்தில் எவருக்கும் இல்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையும், தமிழ்ப் பண்டிதருக்கும் ஆங்கில ஆசிரியருக்கும் இடையே ஊதியத்திலும் மதிப்பிலும் இருந்த பெரும் இடைவெளியும் அந்த இணைப்பைத் தடுத்தன. வேதநாயகம் பிள்ளை தியாகராச பிள்ளையிடம் ஒரே திண்ணையில் பெற்ற இருமொழிப் பயிற்சி, பள்ளிகள் பெருகிய காலத்தில் இரண்டு அறைகளாகப் பிரிந்துபோயிற்று.

இணைத்துப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 1890இல் பிறந்து இந்நகரில் பயின்ற பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியார், தமிழ் இலக்கணக் கொள்கைகளின் வரலாற்றை வடமொழி இலக்கண நூல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு 1934இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. தொல்காப்பியத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும், சென்னைத் தமிழ்ப் பேரகராதிப் பணியில் துணைப்பதிப்பாசிரியராக இருந்ததும், திருவையாற்று அரசர் கல்லூரிக்கு முதல்வராகச் சென்றதும் அறிஞர் அறிந்தவை. தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மூன்றின் வாக்கியக் கொள்கையையும் ஒரே பார்வையில் நோக்கவல்ல ஒருவர் இவ்வட்டாரத்திலிருந்தே தோன்றினார். எனினும் அவரது ஆராய்ச்சி பல்கலைக்கழக நூலகத்தோடு நின்றது. நாலாம் ஃபாரத்து மாணவனின் ஆங்கில இலக்கண நூலில் அதன் சாயல் படியவில்லை.

செல்வாக்கு எதிர்த்திசையில் மிக எளிதாகப் பாய்ந்தது. ஆங்கிலப் பகுப்பு முறை தமிழ்ப் பள்ளி இலக்கணத்துக்குள் நுழைந்து அதன் அமைப்பையே மாற்றியது. எழுவாய் அடை, பயனிலை அடை, செயப்படுபொருள் அடை என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் கற்பவை நெஸ்ஃபீல்டின் பத்திகளுக்கு நேரானவை. தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்னும் மூவகையும் ஆங்கிலத்தின் சிம்பிள், காம்பவுண்டு, காம்ப்ளெக்ஸ் என்னும் மூவகையைத் தழுவியவை. நன்னூல் தொகைநிலைத் தொடரை ஆறாகவும் தொகாநிலைத் தொடரை ஒன்பதாகவும் வகுத்தபோது, அடுத்தடுத்து நிற்கும் சொற்களின் உறவை ஆராய்ந்ததே தவிர, தலைமை வாக்கியம் சார்பு வாக்கியம் என்ற நோக்கில் வகுக்கவில்லை. உரைநடை பெருகிய காலத்தில் இந்தப் புதிய வகைப்பாடு பயன்பட்டது என்பதை மறுக்க இயலாது. நீண்ட உரைநடை வாக்கியத்தை எழுதப் பழகியவர்களுக்கு எது தலைமை, எது சார்பு என்று காட்டும் ஒரு கருவி வேண்டியிருந்தது. ஆனால் மழை பெய்தால் பயிர் விளையும் என்பதைக் கலவை வாக்கியம் என்று வகைப்படுத்தும்போது, ‘பெய்தால்’ என்பது முற்று அன்று, எச்சமே என்ற அடிப்படை உண்மை மறைந்துபோகிறது. ஆங்கிலத்தில் அவ்விடத்தில் முழு முற்றுவினை வருவதால் அங்கே அது சார்பு வாக்கியம். தமிழ்ப் பள்ளிநூல் அதைத் தன் மொழியின் இயல்பு நோக்கி வகுத்திருந்தால் முற்றும் எச்சமும் என்ற பழைய பாகுபாடே அவ்வேலையைச் செய்திருக்கும்.

1911இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வந்த பின்னும் பகுப்புப் பயிற்சி தொடர்ந்தது. 1930களின் நடுப்பகுதியில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகியோரின் உயர்நிலைப்பள்ளி இலக்கணம் நெஸ்ஃபீல்டின் இடத்தை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. பி. சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றி, சாகச நாவல்களால் புகழ்பெற்றவர். அவரது இலக்கண நூலைப் பின்னர் என். டி. வி. பிரசாத ராவ் திருத்தியமைத்தார். அதிலும் பயனிலை என்பது வினை, செயப்படுபொருள், நிரப்புச்சொல், வினையடை என்ற பத்திகளாகவே பகுக்கப்பட்டது.

பெரிய மாற்றம் 1959இல் வந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் முறையைச் சீர்திருத்த அன்றைய சென்னை மாநிலம் மேற்கொண்ட இயக்கத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க, அவர்கள் இன்னும் பலருக்கு அளிக்க, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அமைப்புமுறைக் கற்பித்தலுக்குப் பழக்கப்பட்டனர். ஹார்ன்பி முதலியோர் வகுத்த வாக்கிய அச்சுகளை வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவதே இம்முறையின் உயிர்; இலக்கணச் சொற்களுக்கு அதில் இடம் குறைவு. அதன்பின் 1972இல் குவிர்க்கும் உடனாசிரியர்களும் வெளியிட்ட பேரிலக்கணத்தின் வழியே எழுவாய், வினை, செயப்படுபொருள், நிரப்புச்சொல், இணைப்படை ஆகிய ஐந்துக்கும் உரிய எஸ், வி, ஓ, சி, ஏ என்னும் எழுத்துகள் நிலைபெற்று, தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் தேர்வுக்குப் பழகிய வினாவாயின. இந்த எழுத்துகளுக்குள் முழுப் பயனிலை என்ற ஒன்று இல்லை. எழுவாய் ஒருபுறமும் மற்றவை எல்லாம் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற வாக்கியம், ஐந்து உறுப்புகள் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கும் வாக்கியமாக மாறிவிட்டது. ‘வி’ என்பதைச் சுற்றி ‘ஓ’வும் ‘சி’யும் ‘ஏ’யும் ஏன் கூடியிருக்கின்றன என்பதை அந்த வரிசை சொல்வதில்லை, ஆதலால் ‘ஷீ இஸ் அ நர்ஸ்’, ‘ஷீ சா அ நர்ஸ்’ என்னும் இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும் ‘அ நர்ஸ்’ என்பதை ஒன்றில் ‘சி’ என்றும் மற்றொன்றில் ‘ஓ’ என்றும் எழுதுவதற்குக் காரணம் விளங்காமல் மாணவர் மனப்பாடத்தை நாடினர்.

மொழியியல் துறையில் போக்கு வேறாக இருந்தது. 1957இல் சாம்ஸ்கி வெளியிட்ட சிறு நூல், வாக்கியம் என்பது பெயர்த்தொடரும் வினைத்தொடரும் சேர்ந்தது என்ற விதியிலிருந்து தொடங்கியது. அந்த வினைத்தொடர் பழைய முழுப் பயனிலையே, அதன் தலைமைச் சொல்லாகிய வினை பழைய தனிப் பயனிலையே. பள்ளி கைவிடத் தொடங்கிய பாகுபாட்டை ஆராய்ச்சி கையில் எடுத்துக்கொண்டது. ஸ்ரீரங்கத்துப் பாடசாலைகளின் கேள்விமுறைக்கும் இதற்கும் உள்ள உறவு எட்டத்தில் இருப்பதன்று. ‘கேவ்’ என்ற வினையைக் கண்ட மாணவரிடம் கொடுத்தவர் யார், எதை, யாருக்கு, எப்போது என்று வினவினால், முதல் விடை எழுவாயாகப் பிரிந்து நிற்க, எஞ்சிய விடைகள் அனைத்தும் அவ்வினையின் நிறைவாகவும் நீட்சியாகவும் சேர்ந்து முழுப் பயனிலையின் எல்லையைத் தாமே வரைந்துவிடும். ‘இஸ்’ என்பதிடம் எதை என்று கேட்டால் விடை வராது, எவர் அல்லது எத்தன்மையர் என்று கேட்டால் வரும். அந்தக் கேள்வி மாறும் இடத்தில்தான் செயப்படுபொருளுக்கும் நிரப்புச்சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. வினையில் தொடங்கிக் கேட்கும் இந்த முறைக்கு அட்டவணையும் வேண்டியதில்லை, ஐந்து எழுத்துகளும் வேண்டியதில்லை.